வொண்டர் வுமனைப் பெண்ணியச் சின்னம் என்று சொல்லலாமா?

கருப்புமை எழுதியது:

2016 அக்டோபர் 21 அன்று ஐ.நா. சபை நியூயார்க்கில் ஒரு விழா எடுத்தது. பெண்கள், சிறுமிகளின் முன்னேற்றத்துக்கான கௌரவத் தூதர் என்று ஒருவரை அறிவித்தார்கள். ரத்தமும் சதையுமான ஆள் இல்லை, வொண்டர் வுமன் என்ற காமிக்ஸ் நாயகி. அவளுக்கு 75 வயது நிறைவதை ஒட்டி இந்த மரியாதை. டிவியில் அவளாக நடித்த லிண்டா கார்ட்டரும் சினிமாவில் நடித்த கேல் கடோட்டும் வந்திருந்தார்கள். ஐ.நா. ஊழியர்கள் சிலர் அதே அரங்கில் எழுந்து மேடைக்கு முதுகு காட்டி நின்றார்கள். எதிர்ப்பு மனுவில் ஏறக்குறைய 45,000 கையெழுத்துகள் சேர்ந்தன. டிசம்பர் நடுவிலேயே அந்தப் பதவி முடிவுக்கு வந்துவிட்டது.

மனுவின் வாதம் எளிமையானது. பெருத்த மார்பு, எந்தப் பெண்ணுக்கும் வாய்க்காத இடுப்பு, தொடை தெரியும் உடை, அதிலும் அமெரிக்கக் கொடியின் சாயல், வெள்ளைத் தோல். இவளா உலகத்துச் சிறுமிகளின் பிரதிநிதி?

பதில் சொல்லக் கஷ்டமான வாதம்தான். ஆனால் இதே உடையோடு இதே பெண்ணை 1972 ஜூலையில் ‘மிஸ்’ (Ms.) பத்திரிகை தன் முதல் மாத இதழின் அட்டையில் போட்டது. ‘வொண்டர் வுமனை ஜனாதிபதியாக்குவோம்’ என்று தலைப்பு. போட்டவர்கள் குளோரியா ஸ்டைனமும் அவருடைய தோழிகளும். அமெரிக்கப் பெண்ணிய இயக்கத்தின் முன்வரிசை ஆட்கள். அவர்கள் கண்ணுக்கு அந்தத் தொடை தெரியவில்லையா?

ஒரு காமிக்ஸ் சூப்பர் ஹீரோயின் பெண்ணியச் சின்னம் ஆக முடியுமா? ஆக முடியும் என்றால், எதனால் ஆகிறாள்? ‘எனக்குப் பிடிக்கும், பிடிக்காது’ வேண்டாம். கதைகளையும் அவற்றின் வரலாற்றையும் வைத்துப் பேசுவோம்.

—

அரைத்தூக்கம் எழுதியது:

1941-இலிருந்து இன்றுவரை வந்த இதழ்களைப் படித்துவிட்டு வரச் சொல்கிறீர்கள். சரி, இழையை 2040 வரை பூட்டாமல் வையுங்கள்.

—

வெயில்மழை எழுதியது:

நான் முதுகு காட்டியவர்கள் கட்சி. அந்த மனுவை உடை பற்றிய புகாராக மட்டும் பார்த்தால் தப்பு. அந்த அக்டோபரில் இன்னொரு விஷயம் நடந்தது. ஐ.நா. பொதுச் செயலாளர் தேர்தலில் நின்ற 13 பேரில் 7 பேர் பெண்கள். அதுவரை ஒரு பெண்கூட அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை, இந்த முறையாவது என்று ஊழியர்கள் எதிர்பார்த்தார்கள். கடைசியில் அந்தோனியோ குத்தேரஸ் தேர்வானார். அவர் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் நிஜப் பெண்கள் ஏழு பேரைத் தாண்டிப் போய்விட்டு, அதே மாதத்தில் வரைந்த பெண் ஒருத்திக்குப் பட்டம் கட்டினால் அங்கே வேலை பார்க்கும் பெண்ணுக்கு எப்படி இருக்கும்?

இதற்கு முன்பும் கார்ட்டூன்களுக்கு ஐ.நா. இப்படிப் பட்டம் கொடுத்திருக்கிறது. வின்னி தி பூ கரடி நட்புக்குத் தூதர், டிங்கர் பெல் சுற்றுச்சூழலுக்குத் தூதர். அதையெல்லாம் யாரும் பொருட்படுத்தவில்லை. நட்பு தன் உரிமைக்காக வழக்குப் போட்டுக்கொண்டிருக்கவில்லையே!

சின்னம் என்பது பல சமயம் ஆளுக்குப் பதிலாகக் கொடுக்கப்படும் பொம்மை. என் சந்தேகம் அங்கேதான்.

—

பழையபுத்தகன் எழுதியது:

வெயில்மழை சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தக் குறிப்பிட்ட பொம்மை எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் தீர்ப்பு எழுத வேண்டாம். நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உருவாக்கியவர் வில்லியம் மோல்டன் மார்ஸ்டன். ஹார்வர்டில் படித்த உளவியலாளர். பொய் கண்டறியும் கருவிக்கு முன்னோடியான ரத்த அழுத்தச் சோதனையைக் கொண்டுவந்தவர். 1911-இல் அவர் கல்லூரியில் சேர்ந்த முதல் வருடம், பிரிட்டனின் வாக்குரிமைப் போராளி எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட்டை மாணவர்கள் பேச அழைத்தார்கள். வளாகத்துக்குள் பேசக்கூடாது என்று ஹார்வர்ட் தடுத்துவிட்டது. வெளியே ஒரு மண்டபத்தில் கூட்டம் நடந்தது. அந்தக் காற்றை சுவாசித்து வளர்ந்த ஆள்.

மனைவி எலிசபெத் ஹாலோவே சட்டம் படித்தவர். பல வருடங்கள் குடும்பத்தைத் தாங்கியது அவருடைய சம்பளம்தான். வீட்டில் இன்னொரு பெண்ணும் இருந்தார், ஆலிவ் பர்ன். மார்ஸ்டனுக்கு இருவர் மூலமும் இரண்டிரண்டு குழந்தைகள், எல்லோரும் ஒரே கூரையின் கீழ். ஊருக்கு இந்த விஷயம் தெரியாது.

இந்த ஆலிவ் பர்ன் யார் தெரியுமா? 1916-இல் புரூக்ளினில் அமெரிக்காவின் முதல் கருத்தடை மருத்துவமனையைத் திறந்தார்களே, மார்கரெட் சாங்கரும் அவருடைய தங்கை எதெல் பர்னும், அந்த எதெலின் மகள். மருத்துவமனை நடத்திய குற்றத்துக்காக எதெல் 1917-இல் சிறையில் உண்ணாவிரதம் இருந்து சாகும் நிலைக்குப் போனவர். ஆலிவ் எப்போதும் கையில் போட்டிருந்த அகலமான காப்புகளைத்தான் வொண்டர் வுமன் மாட்டிக்கொண்டு துப்பாக்கிக் குண்டுகளைத் தட்டி விடுகிறாள்.

படம் வரைந்த எச். ஜி. பீட்டர், வாக்குரிமை இயக்கத்துக் கார்ட்டூன்கள் வந்த ‘ஜட்ஜ்’ பத்திரிகையில் வரைந்தவர். 1942-இல் தனி இதழ் தொடங்கியபோது உள்ளே ‘வரலாற்றின் அற்புதப் பெண்கள்’ என்று ஒரு பகுதி. டென்னிஸ் சாம்பியன் ஆலிஸ் மார்பிள் அதன் பொறுப்பாளர். முதலில் ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் கதை வந்தது.

ஆக, பெண்ணியம் இவள் மேல் பிற்காலத்தில் ஒட்டிய ஸ்டிக்கர் இல்லை. வேரிலேயே இருக்கிறது.

—

அரைத்தூக்கம் எழுதியது:

உண்மை பேச வைக்கும் கயிறைக் கதாநாயகி கையில் கொடுத்தவர், தன் வீட்டு உண்மையை மட்டும் அக்கம்பக்கத்தில் மூச்சுவிடவில்லை. பொய் கண்டறியும் நிபுணர் வேறு. இந்த ஒரு வரிக்காகவே மனுஷனைப் பிடித்துப்போகிறது.

—

நான்காம்பக்கம் எழுதியது:

இன்னும் இருக்கிறது. 1940-இல் ‘ஃபேமிலி சர்க்கிள்’ இதழில் ‘ஆலிவ் ரிச்சர்ட்’ என்ற பெண் நிருபர் மார்ஸ்டனைப் பேட்டி எடுத்தார். காமிக்ஸ் குழந்தைகளைக் கெடுக்கிறதா என்று கேள்வி. மார்ஸ்டன் காமிக்ஸுக்கு ஆதரவாகப் பேசினார். அதைப் படித்துத்தான் பதிப்பாளர் மேக்ஸ் கெய்ன்ஸ் அவரை ஆலோசகராக அழைத்தார், அங்கிருந்து வொண்டர் வுமன் பிறந்தாள். அந்த நிருபர் வேறு யாருமில்லை, அதே ஆலிவ் பர்ன்தான். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, முன்பின் தெரியாதவரைத் தேடிப்போய்ப் பார்த்ததுபோல் எழுதினார்.

பழையபுத்தகன் அண்ணே, வேர் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வேரில் சங்கிலியும் கிடக்கிறதே, அதை ஏன் சொல்லாமல் தாண்டினீர்கள்?

—

தாமரைக்குளம் எழுதியது:

சங்கிலி பற்றி நான் சொல்கிறேன். அந்தக் கால இதழ்களைப் புரட்டியவர்களுக்குத் தெரியும், மார்ஸ்டன் கதைகளில் வொண்டர் வுமன் கட்டப்படாத கதையைத் தேட வேண்டியிருக்கும். கயிறு, விலங்கு, கூண்டு, கண்கட்டு. ஓர் ஆண் அவள் காப்புகளைச் சங்கிலியால் பிணைத்துவிட்டால் சக்தி போய்விடும் என்பதே கதையின் விதி.

இதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. முதல் விளக்கம், வாக்குரிமைப் போராட்டத்தின் படங்களிலேயே சங்கிலி இருந்தது. போராளிகள் தங்களைக் கம்பிகளில் பிணைத்துக்கொண்டார்கள், கட்டை அறுக்கும் பெண் என்பது கார்ட்டூன்களில் வழக்கமான உருவம். பீட்டர் அந்த மரபில் வந்தவர். இந்த விளக்கம் உண்மை.

இரண்டாவது விளக்கம், மார்ஸ்டனுக்கு இதில் தனிப்பட்ட ருசி இருந்தது. அன்பான அதிகாரத்துக்கு அடங்குவதில் மனிதர்களுக்கு இன்பம் உண்டு, பெண்கள் ஆண்களுக்கு அதைக் கற்றுத்தர வேண்டும் என்று அவர் வெளிப்படையாகவே எழுதினார். இதுவும் உண்மை. 1943-இலேயே குழந்தை வாசிப்பு நிபுணர் ஜோசெட் ஃபிராங்க் இந்த இதழ்களைக் கண்டித்துப் பதிப்பாளருக்கு எழுதினார். அவர் பத்தாம்பசலி இல்லை. காமிக்ஸையே ஆதரித்த பெண்மணி.

நான் பல வருடம் பள்ளி நூலகத்தைப் பார்த்துக்கொண்டவள். இந்த இரண்டு விளக்கங்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மறைப்பவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. அறுபடும் சங்கிலிக்குப் பெண் வாசகி கைதட்டினாள். கட்டப்படும் சங்கிலிக்காக வேறு சிலரும் காசு கொடுத்து வாங்கினார்கள். ஒரே பக்கம்தான்.

போர்க்காலக் கதைகளில் ஜப்பானியர்களையும் கறுப்பின மக்களையும் வரைந்திருக்கும் விதத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இன்று எந்தக் குழந்தை கையிலும் கொடுக்க மாட்டேன். பெண் விடுதலை என்றால் எந்தப் பெண்ணின் விடுதலை என்ற கேள்வி 1942-லேயே தொடங்கிவிட்டது.

—

வெயில்மழை எழுதியது:

நன்றி அம்மா. ‘வேரிலேயே பெண்ணியம்’ என்று சொல்பவர்களுக்கு இன்னொன்று. அதே 1942-இல் ஜஸ்டிஸ் சொசைட்டி என்ற சூப்பர் ஹீரோ சங்கத்தில் வொண்டர் வுமனைச் சேர்த்துக்கொண்டார்கள். என்ன பதவி? செயலாளர். குறிப்பெடுக்கும் செயலாளர்! ஆண்கள் சண்டைக்குக் கிளம்புவார்கள், இவள் டாட்டா காட்டிவிட்டு அலுவலகத்தில் இருப்பாள்.

—

பழையபுத்தகன் எழுதியது:

அந்தக் கதைகளை எழுதியது மார்ஸ்டன் இல்லை, கார்ட்னர் ஃபாக்ஸ். மார்ஸ்டன் எழுதிய இதழில் அதற்கு அடுத்த வருடமே அவள் ஜனாதிபதி வேட்பாளர். என்ன, ஆயிரம் வருடம் கழித்து நடக்கும் கதை. அமெரிக்கா அந்தக் கெடுவுக்குள்தான் இன்னும் இருக்கிறது.

—

கருப்புமை எழுதியது:

பழையபுத்தகன் தற்காப்புக்குச் சொன்ன இந்த வாக்கியத்திலிருந்துதான் நான் பேச நினைத்ததே தொடங்குகிறது. ‘அதை எழுதியது இவர் இல்லை, அவர்.’ ஒரே பெண், ஒரே உடை, அடுத்தடுத்த வருடம். ஒருவர் கையில் ஜனாதிபதி, இன்னொருவர் கையில் குறிப்பெடுப்பவள். நாவலின் நாயகிக்கு இந்தக் கதி இல்லை. எழுதிய ஆள் செத்தால் அவள் அப்படியே நிற்பாள். காமிக்ஸ் நாயகி ஒரு கம்பெனியின் சொத்து. ஆள் மாற மாற அவளும் மாறுவாள்.

மார்ஸ்டன் 1947-இல் இறந்தார். ராபர்ட் கானிகர் கைக்குப் போனாள். அடுத்த இருபது வருடம் காதல் குழப்பங்கள், கல்யாணம் செய்துகொள்ளலாமா வேண்டாமா என்ற தவிப்பு. 1954-இல் ஃபிரெடரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவர், காமிக்ஸால் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று பெரிய கூச்சல் எழுப்பினார். வொண்டர் வுமன் சிறுமிகளுக்குத் தவறான முன்மாதிரி, ஓரினச் சேர்க்கை வாடை அடிக்கிறது என்பது அவர் புகார்களில் ஒன்று. தணிக்கை விதிகள் வந்தன. ‘வரலாற்றின் அற்புதப் பெண்கள்’ போன இடம் தெரியவில்லை.

1968-இல் டென்னி ஓ’நீல், மைக் செகோவ்ஸ்கி வந்தார்கள். விற்பனை சரிந்திருந்தது. அவளுடைய சக்தியைப் பறித்தார்கள், உடையைக் கழற்றினார்கள், துணிக்கடை வைத்துக் கொடுத்தார்கள். ஐ சிங் என்ற கண் தெரியாத முதியவர் அவளுக்குத் தற்காப்புக் கலை கற்றுக்கொடுப்பார். தெருவில் பெண்கள் ஊர்வலம் போய்க்கொண்டிருந்த நேரத்தில் உலகத்தின் பலமான பெண்ணைச் சாதாரண ஆளாக்கி, ஆண் குருவின் கீழ் உட்கார வைத்தார்கள்.

ஸ்டைனம் 1972 அட்டையில் போட்டது இந்த வொண்டர் வுமனை இல்லை. சின்ன வயதில் தான் படித்த 1940-களின் வொண்டர் வுமனை. கம்பெனி தூக்கிப்போட்டதை ஒரு வாசகி குப்பையிலிருந்து எடுத்து, ‘இது எங்களுடையது’ என்று அட்டையில் ஒட்டினாள். 1973 தொடக்கத்தில் சக்தியும் பழைய உடையும் திரும்பின. மார்ஸ்டன் எழுதியபோது அவளுக்குப் பெண்ணிய நோக்கம் இருந்தது. சின்னம் ஆனது வாசகிகள் அவளை உரிமை கொண்டாடியபோதுதான்.

—

நான்காம்பக்கம் எழுதியது:

கருப்புமை சொன்னது: ‘கம்பெனி தூக்கிப்போட்டதை ஒரு வாசகி எடுத்து...’

கேட்க நன்றாக இருக்கிறது. கணக்கைப் பாருங்கள். 1972-இல் ‘மிஸ்’ பத்திரிகையில் 10 லட்சம் டாலர் முதலீடு செய்தது யார்? வார்னர் கம்யூனிகேஷன்ஸ். வொண்டர் வுமனை வெளியிடும் டிசி காமிக்ஸின் முதலாளி யார்? அதே வார்னர். முதலாளியின் ஒரு கை இன்னொரு கையின் சரக்கை அட்டையில் போட்டது என்றும் இதைச் சொல்லலாம். அதே வருடம் பழைய கதைகளைத் தொகுத்து ஸ்டைனம் முன்னுரையோடு தடிமனான புத்தகமும் கடைக்கு வந்தது.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. ‘ரெட்ஸ்டாக்கிங்ஸ்’ என்ற தீவிரப் பெண்ணியக் குழு 1975-இல் ‘மிஸ்’ பத்திரிகையைக் கடுமையாகத் தாக்கியபோது வொண்டர் வுமனையும் சேர்த்தே தாக்கியது. கூட்டாகப் போராடும் பெண்களின் இடத்தில் தனியாளாக எல்லாவற்றையும் தூக்கி அடிக்கும் அமானுஷ்யப் பெண் எதற்கு என்பது அந்தத் தரப்பின் கோபம். எனக்கு அந்தக் கோபம் புரிகிறது. சம்பள உயர்வு கேட்டு நிற்கும் தொழிலாளிக்குப் பறக்கும் பெண்ணால் என்ன பயன்?

—

தாமரைக்குளம் எழுதியது:

நான்காம்பக்கம் தம்பிக்கு இந்தக் கதை பிடிக்கும்.

அந்த 1972-லேயே, சக்தி திரும்புவதற்குச் சற்று முன், சாமுவேல் டிலேனி வொண்டர் வுமன் எழுத வந்தார். கறுப்பின எழுத்தாளர், அறிவியல் புனைகதையில் பெரிய பெயர். 203-ஆம் இதழ் அட்டையில் ‘பெண் விடுதலைச் சிறப்பிதழ்’ என்றே போட்டார்கள். கதையில் ஒரு பெரிய கடை, அங்கே வேலை செய்யும் பெண்களின் கூலிப் பிரச்சினை. டயானாவுக்கு (வொண்டர் வுமனின் பெயர் அதுதான்) முதலில் அதில் ஈடுபாடே கிடையாது. எனக்கு இந்தக் கூட்டமெல்லாம் ஒத்துவராது என்று ஒதுங்கப் பார்க்கிறாள். மெல்ல மெல்ல மற்றப் பெண்களோடு சேருகிறாள். சக்தி இல்லை, கயிறு இல்லை. ரெட்ஸ்டாக்கிங்ஸ் கேட்டது ஏறக்குறைய இதைத்தானே? தொடரின் முடிவில் கருக்கலைப்பு மருத்துவமனை ஒன்றைப் பெண்கள் காப்பாற்றும் கதையை வைத்திருந்ததாக டிலேனி பின்னாளில் சொன்னார்.

அந்தக் கதை வரவே இல்லை. ஏன்? பழைய உடையும் சக்தியும் வேண்டும் என்று ஸ்டைனம் தரப்பு கேட்டதால் இவருடைய தொடர் நின்றுபோனது என்பது டிலேனி சொல்லும் காரணம். பெண்ணியவாதிகளின் கோரிக்கையே ஒரு பெண்ணியக் கதையை முடித்து வைத்தது. எத்தனை முறை யோசித்தாலும் இதில் யார் பக்கம் நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை.

—

பழையபுத்தகன் எழுதியது:

அடுத்த இதழ் அதைவிட மோசம் அம்மா. 204-இல் கானிகர் மறுபடி வந்தார். முதல் பக்கங்களிலேயே ஒரு பெண் பத்திரிகை ஆசிரியரைத் துப்பாக்கியால் சுட்டுக் கொல்வார்கள். பெயர் டாட்டி காட்டன்மேன். அதற்குக் கொஞ்சம் முன்பு வொண்டர் வுமனின் ஆசிரியராக இருந்த டாரதி உல்ஃபோக்கைக் குத்துவது அது. சக பெண் ஆசிரியரைக் காமிக்ஸில் கொன்று வஞ்சம் தீர்த்த இதழில்தான் பெண்ணியச் சின்னத்துக்குச் சக்தி திரும்பி வந்தது. வொண்டர் வுமனின் கறுப்பினச் சகோதரி நூபியாவும் அதே இதழில்தான் முதன்முதலில் வருகிறாள். இதை எந்தப் பெட்டியில் போடுவீர்கள்?

—

அரைத்தூக்கம் எழுதியது:

எல்லாப் பெட்டியிலும். அதனால்தான் நான் தூங்கப் போகிறேன்.

—

கருப்புமை எழுதியது:

வார்னர் பணத்தை மறுக்கவில்லை நான்காம்பக்கம். ஆனால் அட்டை போட்டதால் ஸ்டைனமுக்குச் சொந்த ஆசையே இல்லை என்று ஆகிவிடாது. பணம் போட்ட முதலாளிக்கு அந்த வருடம் ஸ்பைடர்மேன் மாதிரி விற்கும் ஓர் ஆண் பாத்திரம்தான் தேவைப்பட்டிருக்கும். சரிந்துகொண்டிருந்த ஒரு நாயகியை அட்டையில் போடச் சொல்லி வார்னர் வற்புறுத்தினார்கள் என்பது நம்பும்படி இல்லை.

பேனா யார் கையில் என்று நான் சொல்வதை ஆண்/பெண் கணக்காக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அந்தக் கணக்கும் வேண்டும். ஜாய் ஹம்மல் என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா? மார்ஸ்டனிடம் உளவியல் படித்த மாணவி. 1944-இல் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தார், வயது இருபதுகூட இல்லை. அதே வருடம் மார்ஸ்டன் போலியோவில் விழுந்தார். மார்ஸ்டன் இறந்த 1947 வரை ஹம்மல் ஏராளமான கதைகளை எழுதினார். எல்லாம் ‘சார்லஸ் மோல்டன்’ என்ற மார்ஸ்டனின் புனைபெயரில் வெளியாயின. பல பத்தாண்டுகள் கழித்துத்தான் இவர் பெயர் வெளியே தெரிந்தது. ஆக, நாம் மார்ஸ்டனின் பெண்ணியம் என்று பாராட்டும் பக்கங்களில் எத்தனையோ ஒரு சின்னப் பெண்ணின் கைவேலை. 2007-இல் கெயில் சிமோன் வந்தபிறகுதான் ஒரு பெண் நீண்ட காலம் அந்த இதழை எழுதினார்.

2011-இல் என்ன நடந்தது பாருங்கள். அதுவரை அவளுக்கு அப்பா கிடையாது. ஆண்களே இல்லாத தீவில் வாழும் அமேசான் பெண்களின் ராணி ஹிப்போலிட்டா இவளைக் களிமண்ணில் பிசைந்தாள், தெய்வம் உயிர் கொடுத்தது. ஆணே இல்லாத பிறப்பு. பிரையன் அஸரெல்லோ வந்து, அதெல்லாம் பொய், இவள் சீயஸ் கடவுளின் மகள் என்று மாற்றினார். கூடவே அமேசான் பெண்கள் கப்பல் மாலுமிகளை மயக்கிக் கூடிவிட்டுக் கொல்கிறார்கள், ஆண் குழந்தை பிறந்தால் ஆயுதத்துக்கு விலையாகக் கொடுத்துவிடுகிறார்கள் என்றும் எழுதினார். கிளிஃப் சியாங் ஓவியம் அற்புதம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எழுபது வருடப் பெண்கள் தீவை ஒரே இதழில் கொலைகாரிகளின் கூடாரம் ஆக்கினார்கள். வாசகியிடம் யாரும் கேட்கவில்லை.

—

பழையபுத்தகன் எழுதியது:

பேச்சு வேறு பக்கம் போனாலும் பரவாயில்லை, நம் ஊர்க்காரர்களுக்காக ஒன்று. தமிழில் காமிக்ஸ் படித்து வளர்ந்த என் வயதுக்காரர்களுக்கு வீர நாயகி என்றால் வொண்டர் வுமன் ஞாபகம் வராது, மாடஸ்டி பிளைஸிதான் வருவாள். 1984-இல் லயன் காமிக்ஸின் முதல் இதழே ‘கத்தி முனையில் மாடஸ்டி’. பீட்டர் ஓ’டானல் 1963-இல் லண்டன் பத்திரிகைக்காக உருவாக்கியவள். போர்க்காலத்தில் அவர் பாரசீகத்தில் பார்த்த ஓர் அகதிச் சிறுமிதான் தூண்டுதல். சூப்பர் சக்தி கிடையாது. கில்லாடிக் குற்றக் கும்பலுக்குத் தலைவியாக இருந்து ஓய்வு பெற்றவள். வில்லி கார்வின் அவளை ‘இளவரசி’ என்பான், இருவருக்கும் காதல் கிடையாது, கட்டளை அவளுடையது. கடைசிவரை ஒரே எழுத்தாளர். கருப்புமை சொன்ன ஆள் மாறும் நோய் இவளுக்கு இல்லை.

—

வெயில்மழை எழுதியது:

அதே மாடஸ்டி எதிரிகளை அசரடிக்க மேலாடையைக் கழற்றிக்கொண்டு அறைக்குள் நுழைவாளே, அந்த உத்தியையும் சேர்த்துச் சொல்லுங்கள் சார். :)

உடை விஷயத்தில் என் நிலை என்ன என்று தெளிவுபடுத்திவிடுகிறேன். 2017 படம் வந்தபோது ஜேம்ஸ் கேமரூன் இது ஒரு படி பின்னால் போவது என்றார், தன் ‘டெர்மினேட்டர்’ படங்களின் சாரா கானரை ஒப்பிட்டார். அழகு ராணியாக இல்லாமல், சிக்கலுள்ள, கஷ்டப்பட்ட தாய். சாரா கானர் எனக்கும் பிடிக்கும். ஆனால் பலமான பெண் என்றால் முரட்டுத்தனமாக, அழகில்லாமல்தான் இருக்க வேண்டுமா என்று படத்தின் இயக்குநர் பேட்டி ஜென்கின்ஸ் திருப்பிக் கேட்டதில் நான் ஜென்கின்ஸ் பக்கம். முதல் உலகப்போரின் பதுங்குகுழியிலிருந்து டயானா ஏணியில் ஏறி வெளியே வரும் காட்சியில் தியேட்டரில் பெண்கள் அழுதார்கள் என்று எத்தனையோ பேர் எழுதினார்கள். அங்கே கேமரா அவள் உடம்பை மேய்வதில்லை. அதே உடைதான், அதே தொடைதான். பார்க்கும் கண் வேறு. அதே வருடக் கடைசியில் ‘ஜஸ்டிஸ் லீக்’ படத்தில் அமேசான் பெண்களின் கவசம் சுருங்கிப்போனதைக் கவனித்தவர்கள் கவனித்திருப்பீர்கள்.

உலகம் முழுக்க 80 கோடி டாலருக்கு மேல் வசூல். நல்லது. ஆனால் லெபனானில் படத்துக்குத் தடை, காரணம் கேல் கடோட் இஸ்ரேல் ராணுவத்தில் இருந்தவர். காஸாவில் இருக்கும் ஒரு சிறுமியிடம் இந்த முகத்தைக் காட்டி உன் சின்னம் என்று சொல்ல முடியுமா? ஐ.நா. அதைத்தான் செய்யப் பார்த்தது.

—

மட்டுறுத்துநர்:

இஸ்ரேல்–பாலஸ்தீன விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே காமிக்ஸ் அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். இதுவரை யாரும் யாரையும் திட்டவில்லை, ஆச்சரியம்தான். தொடருங்கள்.

—

நான்காம்பக்கம் எழுதியது:

வொண்டர் வுமன் விதிவிலக்கு. மற்ற நாயகிகள் ஏன் பிறந்தார்கள் என்று பார்த்தால் கசப்புதான். 1980-இல் ஷீ-ஹல்க் வந்தது எதற்கு? டிவிக்காரர்கள் யாராவது ஹல்க்குக்குப் பெண் வடிவம் செய்துவிட்டால் உரிமை போய்விடுமே என்று மார்வெல் முந்திக்கொண்டது. ஸ்பைடர்வுமனும் பெயர் உரிமையைக் காப்பாற்றப் பிறந்தவள்தான்.

1977-இல் வந்த மிஸ் மார்வெல் பெயரிலேயே (Miss இல்லை, Ms.) பெண்ணியம் வைத்திருந்தாள். கேரல் டான்வர்ஸ், பெண்கள் பத்திரிகையின் ஆசிரியர், சம்பளத்துக்கு முதலாளியோடு மல்லுக்கு நிற்பவள். மூன்று வருடம் கழித்து அவெஞ்சர்ஸ் 200-ஆம் இதழில் ஒருவன் அவளைக் கடத்தி, மனதை மயக்கிக் கர்ப்பமாக்குகிறான். சக ஹீரோக்கள் வாழ்த்துச் சொல்லி அவனோடு அனுப்பி வைக்கிறார்கள்! கேரல் ஸ்ட்ரிக்லண்ட் என்ற வாசகி, நடந்தது வன்புணர்வு என்று நேராகப் பெயர் சொல்லிக் கட்டுரை எழுதினார். 1981-இல் கிறிஸ் கிளேர்மான்ட் எழுதிய கதையில் கேரல் டான்வர்ஸ் திரும்பி வந்து அந்த ஹீரோக்களின் முகத்துக்கு நேராக, நீங்கள் என்னைக் கைவிட்டீர்கள் என்று சொல்கிறாள்.

ஹீரோவுக்குக் கோபம் வரவேண்டும் என்பதற்காகவே கொல்லப்பட்ட, சிதைக்கப்பட்ட பெண் பாத்திரங்களை 1999-இல் கெயில் சிமோன் பட்டியல் போட்டார். 1994-இல் கிரீன் லான்டர்னின் காதலியைக் கொன்று ஃபிரிட்ஜில் அடைத்து வைத்த கதைதான் தூண்டுதல். இப்படிப்பட்ட தொழிற்சாலையில் சின்னம் தேடுகிறோம்.

—

கருப்புமை எழுதியது:

நீங்கள் சொன்ன எடுத்துக்காட்டே என் பக்கம் நிற்கிறதே! ஸ்ட்ரிக்லண்ட் எழுதியது, சிமோன் பட்டியல் போட்டது, இதெல்லாம் யார் செய்தது? வாசகிகள். சிமோன் அப்போது எழுத்தாளர்கூட இல்லை, முடிதிருத்தும் தொழிலில் இருந்தவர். எட்டு வருடத்தில் வொண்டர் வுமனையே எழுத வந்துவிட்டார்.

2014-இல் மிஸ் மார்வெல் பெயரில் தனி இதழ் பெற்ற கமலா கானைப் பாருங்கள். ஜெர்சி சிட்டியில் வளரும் பாகிஸ்தானிய அமெரிக்கச் சிறுமி. எழுதியவர் ஜி. வில்லோ வில்சன், பொறுப்பாசிரியர் சனா அமானத், இருவரும் முஸ்லிம் பெண்கள். சக்தி கிடைத்ததும் கமலா முதலில் என்ன ஆகிறாள்? வெள்ளைத் தோல், பொன்முடி, தொடை தெரியும் உடையோடு பழைய கேரல் டான்வர்ஸாக மாறுகிறாள். கொஞ்ச நேரத்திலேயே, முடி கண்ணில் விழுகிறது, உடை கவ்வுகிறது, இது சரிப்படாது என்கிறாள். ஐ.நா. மனு இரண்டு வருடம் கழித்துச் சொன்னதை இவள் முன்கூட்டியே, சிரிக்கச் சிரிக்கச் சொல்லிவிட்டாள்.

2015 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ பேருந்துகளில் முஸ்லிம்களுக்கு எதிரான விளம்பரங்கள் வந்தபோது, உள்ளூர் ஆட்கள் அவற்றின் மேல் கமலாவின் படங்களை ஒட்டி மறைத்தார்கள். மார்வெலிடம் யாரும் அனுமதி வாங்கவில்லை. நான் சின்னம் என்று சொல்வது அந்தப் பேருந்தில் இருந்தவளை.

—

வெயில்மழை எழுதியது:

அந்தப் பேருந்துக்கு நானும் கைதட்டுவேன். ஆனால் கதையை அங்கே நிறுத்தாதீர்கள். 2023 மே மாதம் கமலாவைக் கொன்றார்கள். எந்த இதழில்? அவளுடைய இதழில் இல்லை, ஸ்பைடர்மேன் இதழில். வில்லனை ஏமாற்ற ஸ்பைடர்மேன் கதைகளின் நாயகி மேரி ஜேனாக உருமாறி, அந்த வடிவத்தில் குத்துப்பட்டுச் சாகிறாள். வெள்ளைக்காரி உருவத்திலிருந்து வெளியே வந்து தன்னைக் கண்டுபிடித்தவள், இன்னொரு வெள்ளைக்காரியின் உருவத்தில், ஓர் ஆணின் கதையில் செத்தாள். ஜூலையிலேயே எக்ஸ்-மென் கூட்டத்தில் மியூட்டன்ட் (பிறவியிலேயே சக்தி உள்ளவள்) என்று உயிரோடு எழுப்பினார்கள். நவம்பரில் கமலா இருக்கும் படம் வரவேண்டுமே! சிமோனின் பட்டியல் 1999-இல் முடிந்த கதை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

—

நான்காம்பக்கம் எழுதியது:

வெயில்மழை, இதற்கு கருப்புமை என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும்: கொன்றது கம்பெனி, ஒட்டியது மக்கள்.

—

கருப்புமை எழுதியது:

ஆமாம், அதையேதான் சொல்வேன். கூடவே ஒன்று: அந்த மே மாதம் வாசகிகள் போட்ட சத்தத்தைத் தேடிப் படியுங்கள். 1980-இல் ஸ்ட்ரிக்லண்ட் தனியாக எழுத வேண்டியிருந்தது.

—

அரைத்தூக்கம் எழுதியது:

தூங்கி எழுந்து வந்தேன், இழை மூன்று பக்கம் ஓடிவிட்டது. ஒரே ஒரு சந்தேகம். டிலேனியின் 203 எங்கே கிடைக்கும்?

—

பழையபுத்தகன் எழுதியது:

சக்தி இல்லாத காலத்துக் கதைகளை டிசி தொகுப்பாகப் போட்டிருக்கிறது, அதன் கடைசிப் பகுதியில் பாருங்கள். 204-ஐயும் சேர்த்தே படியுங்கள், அடுத்தடுத்து.